டில்லிக்குப் போகாமலே நாடாளுமன்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தி சேனலில் நாடாளுமன்றம் என்றால் நாற்பது விநாடிக் கூச்சல், பதாகை, ஒத்திவைப்பு. அதைப் பார்த்துவிட்டு "அங்கே ஒன்றுமே நடப்பதில்லை" என்று டீக்கடையில் சொல்வது சுலபம். நடக்கிறது. ஆனால் பெரும்பகுதி தாளில் நடக்கிறது. அந்தத் தாள்கள் எங்கே கிடக்கின்றன, அவற்றை எப்படிப் படிப்பது, நாம் சொல்ல நினைப்பதை உள்ளே எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பவர்களுக்காக இந்தத் தொகுப்பு.

நேரலை எங்கே பார்க்கலாம்?

சன்சத் டிவியில். முன்பு மக்களவைக்கு ஒன்று, மாநிலங்களவைக்கு ஒன்று என்று இரண்டு தொலைக்காட்சிகள் இருந்தன. 2021 செப்டம்பர் 15-ல் இரண்டையும் சேர்த்து சன்சத் டிவி ஆக்கினார்கள். கூட்டம் நடக்கும்போது அதன் ஒரு சேனலில் மக்களவையும் மற்றொன்றில் மாநிலங்களவையும் ஓடும். யூடியூபிலும் வரும், காசு கிடையாது. சந்தேகம் வந்தால் நிறுத்தி, பின்னால் ஓட்டி மறுபடி கேட்கலாம் என்பதால் என் ஓட்டு யூடியூபுக்கு.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா நாடாளுமன்றத்தின் சொந்தக் கேமரா. அவையில் அமளி நடக்கும்போது அது தலைவரின் இருக்கையையோ பேசும் அமைச்சரையோ காட்டிக்கொண்டிருக்கும், எங்கள் பக்கம் திரும்பவே திரும்பாது என்பது எதிர்க்கட்சியில் யார் இருந்தாலும் சொல்லும் புகார்.

எந்த நேரத்தில் பார்த்தால் உபயோகம்?

வருஷத்துக்கு வழக்கமாக மூன்று கூட்டத்தொடர்கள்: ஜனவரி கடைசியில் தொடங்கும் பட்ஜெட் தொடர், ஜூலை வாக்கில் மழைக்காலத் தொடர், நவம்பர், டிசம்பரில் குளிர்காலத் தொடர். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 85-வது பிரிவு.

மக்களவையில் காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம், அதன்பின் உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் ஜீரோ ஹவர். மாநிலங்களவையில் இது தலைகீழ்: 11 மணிக்கு ஜீரோ ஹவர், 12 மணிக்குக் கேள்வி நேரம். நேரம் குறைவாக உள்ளவர்கள் இந்த இரண்டு மணி நேரத்தைப் பார்த்தாலே போதும். வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதாக்களுக்கு, அதாவது அமைச்சராக இல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் மசோதாக்களுக்கு. அவை காலியாகக் கிடக்கும், ஆனால் பேச்சு நன்றாக இருக்கும்.

அன்றைக்கு என்ன வருகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமா? சன்சத் டாட் இன் என்ற நாடாளுமன்ற இணையதளத்தில் நிகழ்ச்சி நிரல் போடுவார்கள். அதைப் பார்க்காமல் நேரலைக்கு உட்காருவது, எந்தப் படம் என்று தெரியாமல் தியேட்டருக்குள் நுழைவது மாதிரி.

நட்சத்திரக் கேள்வி என்கிறார்களே, அது என்ன?

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்விகள் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் பட்டியலில் வரும். இந்தப் பட்டியலைப் பச்சைத் தாளில் அச்சடிப்பது பழைய வழக்கம். ஒரு மணி நேரத்தில் ஏழெட்டைத் தாண்டுவதே அபூர்வம். மீதிக்கு எழுத்தில் பதில் வந்துவிடும்.

நட்சத்திரம் இல்லாதவைதான் புதையல். மக்களவையில் நாளொன்றுக்கு 230, மாநிலங்களவையில் 160. துணைக் கேள்வி இல்லை, கேமரா இல்லை, ஆரவாரம் இல்லை; அமைச்சகம் எழுத்தில் பதிலை வைத்துவிட்டுப் போய்விடும். அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்ட நாளிலும் இந்தப் பதில்கள் வந்து சேரும். "இன்றும் நாடாளுமன்றம் முடங்கியது" என்று தலைப்புச் செய்தி ஓடும் மாலையிலும் இணையதளத்தில் நூற்றுக்கணக்கான புதிய பதில்கள் உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பதிலை எப்படித் தேடுவது, எப்படிப் படிப்பது?

சன்சத் தளத்தில் மக்களவை, மாநிலங்களவை என்று தனித்தனியாகக் கேள்விகள் பகுதி உண்டு. அமைச்சகம், உறுப்பினர் பெயர், தேதி, சொல் என்று எதை வைத்தும் தேடலாம். தேடும் சொல் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஊர்ப் பெயரை இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். தூத்துக்குடி என்று தேடினால் வராத பதில் பழைய டூட்டிகோரின் என்று தேடினால் வரும். திருச்சிராப்பள்ளிக்கும் டிரிச்சிக்கும் அதே கதை.

பதில் தாளைத் திறந்தால் மேலே கேள்வி எண், தேதி, கேட்ட எம்.பி.யின் பெயர். அதன்கீழ் கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரிந்து நிற்கும். பதிலோ "(அ) முதல் (ஈ) வரை:" என்று நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். இது பழகிய கை. முதல் இரண்டு பத்திகளில் திட்டம் எப்போது தொடங்கியது, எவ்வளவு உன்னதமானது என்பது இருக்கும். தைரியமாகத் தாண்டிப் போங்கள். நேராகக் கடைசிப் பக்கம், இணைப்பு. அங்கேதான் மாநிலவாரியாக, சில சமயம் மாவட்டவாரியாக அட்டவணை இருக்கும்: எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு விடுவித்தார்கள், எத்தனை பணியிடம் காலி. தமிழ்நாடு என்ற வரிசையில் விரலை வைத்துப் படித்துக்கொண்டே போகலாம்.

அட்டவணை ஒன்றைத் தனியாகப் பார்ப்பதைவிட, அதே விஷயத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முன் வந்த பதிலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போது "பணி முன்னேற்றத்தில் உள்ளது" என்றவர்கள் இப்போதும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்களா என்று தெரிந்துவிடும். ஒரு சாலைப் பணியையோ ரயில் பாதையையோ தொடர்ந்து கவனிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

(ஆ) பகுதிக்கு "இக்கேள்வி எழவில்லை" என்று வந்தால் பதறாதீர்கள். (அ)-வுக்கு "இல்லை" என்று சொல்லியாகிவிட்டது என்று அர்த்தம்.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்" என்று முடித்துவிட்டார்களே?

அது தப்பிக்கும் வாசகம் போலத் தெரியும், ஆனால் அதில் ஒரு கொக்கி இருக்கிறது. அப்படிச் சொன்னால் அது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. தவறினால் விசாரிக்க இரண்டு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. வருஷக்கணக்கில் கிடப்பில் கிடக்கும் உறுதிமொழிகளைப் பற்றி அந்தக் குழு போடும் அறிக்கைகள் தனிச் சுவை. அமைச்சக அதிகாரிகளை உட்காரவைத்துக் கேட்டதெல்லாம் அதில் வரும்.

எம்.பி. பேசியதை வார்த்தைக்கு வார்த்தை படிக்க முடியுமா?

முடியும். திருத்தப்படாத பதிவு என்ற குறிப்போடு அன்றைக்கே தளத்தில் ஏற ஆரம்பிக்கும். முழுப் பதிவு பிறகு வரும். இடையிடையே "குறுக்கீடுகள்" என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லைப் பார்ப்பீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பத்து நிமிஷக் கூச்சல் அடங்கியிருக்கும். வரிசையாக நட்சத்திரக் குறிகள் வந்தால், தலைவர் உத்தரவின்படி அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொற்கள். நேரலையில் உங்கள் காதால் கேட்டது எழுத்தில் இருக்காது. கேட்டதை மேற்கோள் காட்டி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய விவாதங்களும் நாடாளுமன்றத்தின் இணையத் தொகுப்புகளில் கிடைக்கின்றன: 1952 முதல் மக்களவை, மாநிலங்களவை, அதற்கும் முன்னால் அரசியல் நிர்ணய சபை. அண்ணா மாநிலங்களவையில் 1962-ல் பேசிய கன்னிப் பேச்சைப் பிறர் மேற்கோள் காட்டித்தான் பலர் படித்திருப்பார்கள். முழுப் பேச்சையும், நடுவில் யார் யார் குறுக்கிட்டார்கள் என்பதோடு, பதிவிலேயே படிக்கலாம். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தவர் வங்காளத்துக் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா. அந்த விவாதத்தில், பெயரை மாற்றி என்ன லாபம் என்று கேட்டவர்களிடம், பார்லிமென்டை லோக்சபா என்று மாற்றியதில் உங்களுக்கு என்ன லாபம் என்று திருப்பிக் கேட்டார் அண்ணா. ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

தமிழில் ஏதாவது கிடைக்குமா?

பேசலாம், கேட்கலாம், படிப்பதுதான் கஷ்டம். உறுப்பினர் தமிழில் பேச அனுமதி உண்டு, உடனடி மொழிபெயர்ப்பும் உண்டு. ஆனால் பதிவைத் திறந்தால் தமிழ்ப் பேச்சின் இடத்தில் ஆங்கிலம் இருக்கும். தலைப்பில் ஒரு சின்ன நட்சத்திரம், அடிக்குறிப்பில் "தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு" என்ற பொருளில் ஒரு வரி. அவ்வளவுதான். அவர் சொன்ன பழமொழியும் எடுத்த குறளும் ஆங்கிலத்தில் சப்பென்று இருக்கும். மூலம் வேண்டுமென்றால் காணொளியைத்தான் தேட வேண்டும். கேள்வி பதில்களும் மசோதாக்களும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். செங்கோல் தமிழ்நாட்டிலிருந்து சபாநாயகர் இருக்கை பக்கத்துக்குப் போய்விட்டது, அவைப் பதிவில் தமிழ் இன்னும் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது.

ஒரு மசோதாவுக்கு என் எம்.பி. எப்படி ஓட்டுப் போட்டார் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியாது. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆம் என்பவர்கள் "ஆம்" என்று குரல் கொடுப்பார்கள், இல்லை என்பவர்கள் "இல்லை" என்பார்கள், எது பலமாகக் கேட்டது என்று தலைவர் அறிவிப்பார். யார் எந்தப் பக்கம் என்று எங்கும் பதிவாகாது.

யாராவது டிவிஷன், அதாவது எண்ணி ஓட்டெடுப்பு, கேட்டு, தலைவர் ஏற்றால் பொத்தானை அழுத்தி ஓட்டு. அப்போது பெயர்ப் பட்டியல் முழுவதும் அவைப் பதிவில் வரும். முடிவை அறிவிக்கும்போது "திருத்தத்துக்கு உட்பட்டு" என்று சொல்வார்கள். பொத்தான் வேலை செய்யாதவர்கள், தப்பாக அழுத்தியவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்துத் திருத்திக்கொள்வார்கள். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் 288க்கு 232 என்று நள்ளிரவு தாண்டி நிறைவேறியது இப்படித்தான். அதில் உங்கள் எம்.பி. பெயர் எந்தப் பக்கம் என்று பார்க்கலாம். அரசியல் சாசனத் திருத்தங்களுக்குச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும் என்பதால் எண்ணித்தான் ஆக வேண்டும், அங்கே பெயர் கட்டாயம் கிடைக்கும்.

ஆனால் 2020 செப்டம்பர் 20-ல் இரண்டு வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. டிவிஷன் கேட்டோம், தரவில்லை என்றன எதிர்க்கட்சிகள். கேட்டவர்கள் அவரவர் இருக்கையில் இல்லை என்பது அவையை நடத்தியவரின் விளக்கம். நாடே பேசிய அந்தச் சட்டங்களுக்கு எந்த உறுப்பினர் எப்படி ஓட்டளித்தார் என்ற பட்டியல் கிடையாது. என்னைக் கேட்டால் முக்கியமான மசோதாக்களுக்கு டிவிஷனைக் கட்டாயமாக்க வேண்டும்.

வருகைப் பதிவு?

தளத்திலேயே இருக்கிறது. அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் கையெழுத்திட வேண்டியதில்லை, அதனால் அவர்கள் பெயருக்கு நேராக ஒன்றும் இல்லையே என்று குதிக்காதீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்பதும் இதில் தெரியாது.

மசோதா சட்டமாகும் முன்னே நாம் ஏதாவது சொல்ல வழி உண்டா?

இரண்டு இடங்களில். முதலாவது, அமைச்சகம் வரைவு போடும் கட்டத்தில். வரைவை இணையத்தில் வைத்துக் குறைந்தது 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. சட்டம் இல்லை, கொள்கை. எனவே நினைத்தால் கேட்பார்கள், இல்லையென்றால் இல்லை.

இரண்டாவது, நிலைக்குழுக் கட்டம். மசோதாக்களை ஆராயும் துறைவாரியான நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். மசோதா குழுவுக்குப் போனால் பத்திரிகைகளில் விளம்பரம் வரும்: கருத்துகளை இத்தனை நாளுக்குள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அனுப்பவும் என்று. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. பொதுவாகத் திட்டி எழுதுவதை விட்டுவிட்டு, எந்தப் பிரிவில் எந்த வார்த்தை இடிக்கிறது, அதற்குப் பதில் என்ன வார்த்தை வேண்டும், உங்கள் தொழிலில் அதனால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். நெசவாளர் ஒருவர் தறிக் கணக்கோடு எழுதுவதற்குக் குழுவில் இருக்கும் மதிப்பு, நகலெடுத்து அனுப்பிய ஆயிரம் மின்னஞ்சல்களுக்கு இருக்காது. நேரில் வந்து சொல்ல விருப்பம் என்றால் அதையும் குறிப்பிடலாம். கூப்பிடுவது குழுவின் விருப்பம்.

ஒரு எச்சரிக்கை. அனுப்பிய மனு குழுவின் ஆவணமாகிவிடும், ரகசியமாகக் கருதப்படும். அந்த விளம்பரத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அனுப்பிய சூட்டோடு முகநூலில் போட்டுவிடாதீர்கள், அவையின் உரிமை மீறல் என்று ஆகிவிடலாம்.

குழுக் கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும், நேரலை கிடையாது. அறிக்கை அவையில் வைக்கப்பட்டதும் எல்லாருக்கும் பொது. மாற்றுக் கருத்து எழுதிய உறுப்பினர்களின் குறிப்பும் பின்னால் இருக்கும். நான் முதலில் படிப்பது அதைத்தான்.

சரி, எல்லா மசோதாக்களும் குழுவுக்குப் போகின்றனவா? இல்லை. பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பின் கணக்குப்படி 15-வது மக்களவைக் காலத்தில் (2009-14) பத்தில் ஏழு மசோதாக்கள் குழுவுக்குப் போயின; 17-வதில் (2019-24) பத்தில் இரண்டுகூட இல்லை. அந்த அமைப்பின் தளத்தில் மசோதாக்களின் சுருக்கம் எளிய ஆங்கிலத்தில் கிடைக்கும், மசோதாவை மூலத்தில் படிக்கும் முன் அதைப் படித்துக்கொள்வது நல்லது.

ஒரு எம்.பி.யை எனக்காகக் கேள்வி கேட்க வைக்க முடியுமா?

கேட்டுப் பார்க்கலாம், தப்பே இல்லை. கேள்விக்கு 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 150 வார்த்தையைத் தாண்டக்கூடாது, குலுக்கலில் இடம் கிடைக்க வேண்டும். அதனால் கூட்டத்தொடர் தொடங்கியபின் போய் நிற்காதீர்கள். தேதி அறிவித்ததுமே போங்கள். கேள்வியை நீங்களே (அ), (ஆ) என்று எழுதி எடுத்துக்கொண்டு போனால் அவருடைய உதவியாளருக்கு வேலை மிச்சம். "எங்கள் ஊருக்கு ஏன் எதுவும் செய்யவில்லை" என்று எழுதினால் வராது. "இத்திட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் மாவட்டவாரியாக விடுவித்த தொகை எவ்வளவு" என்று எழுதினால் அட்டவணை வரும். உங்கள் தொகுதி எம்.பி. கண்டுகொள்ளவில்லையா? தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்கு 18 பேர் போகிறார்கள், அவர்களையும் பாருங்கள்.

கேள்வி கேட்கக் காசு கேட்டால் அது வேறு கதை. 2005 டிசம்பரில் அதற்காக 11 எம்.பி.க்கள் சிக்கி, அம்மாதமே பதவி நீக்கப்பட்டார்கள்.

நேரடியாக நாடாளுமன்றத்துக்கே மனு கொடுக்க முடியாதா?

முடியும். இரண்டு அவைகளுக்கும் மனுக்கள் குழு இருக்கிறது. தமிழில் எழுதினால் ஆங்கிலமோ இந்தியோ மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும், அவையில் அதைத் தாக்கல் செய்யும் எம்.பி. மேலொப்பம் இட வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரமோ சொந்த வழக்கோ எடுபடாது. பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ராணுவத்தினரின் "ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்" கோரிக்கை மாநிலங்களவை மனுக்கள் குழுவுக்கு வந்த ஒரு மனுவாக இருந்தது. பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான அந்தக் குழு 2011 டிசம்பரில் கோரிக்கை நியாயம் என்று அறிக்கை கொடுத்தது. அதன்பின் பல வருஷம் எல்லாரும் மேற்கோள் காட்டியது அந்த அறிக்கையைத்தான்.

தனிநபர் மசோதா எல்லாம் சும்மா பேச்சுக்குத்தானே?

1970க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமானதில்லை, உண்மை. ஆனாலும் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த அவையில் நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையைத் தாண்டவில்லை, ஆனால் அரசு தன் பங்குக்கு ஒரு மசோதா கொண்டுவர வேண்டிய நெருக்கடியை உண்டாக்கியது.

நேரில் போய்ப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

எம்.பி. வழியாகத்தான் பார்வையாளர் மாடத்துக்குப் பாஸ். இவரை எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரியும், இவருக்கு நான் பொறுப்பு என்று அவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதனால் முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். தப்பும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 13-ல், 2001-ல் நாடாளுமன்றத்தின் மீது நடந்த தாக்குதலின் நினைவு நாளிலேயே, இரண்டு பேர் மாடத்திலிருந்து மக்களவைக்குள் குதித்து மஞ்சள் புகையைக் கிளப்பினார்கள். உடனே பாஸ் நிறுத்தப்பட்டது. பிறகு திரும்ப வந்தபோது கெடுபிடியும் கூடவே வந்தது.

10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. கைபேசி, பை எல்லாம் வெளியே. அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும், பாஸில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அதோடு பொருந்த வேண்டும். நம் இனிஷியல் தகராறு அங்கே வேலைக்கு ஆகாது. மாடத்தில் கைதட்டக்கூடாது, பேசக்கூடாது. 2023 செப்டம்பர் 19 முதல் கூட்டம் புதுக் கட்டடத்தில் நடக்கிறது. மக்களவையில் 888 இருக்கைகள், உறுப்பினர்கள் 543 பேர். பிற்பகல் அமர்வுக்குப் போனால் காலி இருக்கைகளை எண்ணியே பொழுது போய்விடும், கேள்வி நேரத்துக்குப் பாஸ் கேளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?

கேட்கலாம். மக்களவைச் செயலகம், மாநிலங்களவைச் செயலகம் இரண்டுக்கும் 2005 சட்டம் பொருந்தும், கட்டணம் 10 ரூபாய். செலவுக் கணக்கு, நிர்வாகத் தகவல் எல்லாம் வரும். அவையின் உரிமையை மீறுவதாக இருந்தால் 8(1)(இ) பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார்கள். மனுப் போடுவதற்கு முன் ஒருமுறை கேள்வி பதில் பகுதியில் தேடிவிடுங்கள். நீங்கள் கேட்க நினைத்ததை யாரோ ஒரு எம்.பி. ஏற்கெனவே கேட்டு, அட்டவணையும் வாங்கி வைத்திருப்பார்.